சத்தம் வராத பள்ளிக்கூடம்

ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவளுக்கு ‘ஓவர்லாக் அக்கா’ என்று பெயர். துணியின் ஓரம் பிரிந்து போகாமல் நூலால் பூட்டுகிற அந்த மெஷினில் அவள் கல்யாணத்துக்கு முன்பு போய் உட்கார்ந்தாள். மகளுக்கு ஐந்து வயது ஆகும்போதுதான் எழுந்தாள். நடுவில் பிரசவத்துக்காகக் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடும் இடம் அது. பக்கத்து ஆளிடம் தண்ணீர் வேண்டுமென்றாலும் கையை ஆட்டித்தான் கேட்க வேண்டும். வேலை முடிந்து பஸ் ஏறிய பிறகும் அந்த இரைச்சல் அவளோடுகூடவே வீட்டுக்கு வரும். படுத்துக் கண்ணை மூடினால் தலையணைக்குள் யாரோ தைத்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மகள் பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பூனை என்ன சாப்பிட்டது, பூனைக்கு ஏன் மீசை, அப்பாவுக்கு மீசை இருப்பதால் அப்பாவும் பூனையா என்று மூச்சு விடாமல் கேட்பாள். அப்பா அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

“எல்லா ஸ்டேஷனும் ஒரே நேரத்துல பாடுது. சுவிட்ச் எங்க வச்சிருக்கான்னுதான் தெரியல” என்பான் அவன்.

அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். “கொஞ்ச நேரம் வாயை மூடுடி தங்கம், அம்மாவுக்குத் தலை வலிக்குது” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்.

கணவன் குளிர்சாதன மெக்கானிக். கடை கடையாக ஃப்ரிட்ஜ் பழுது பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, தூரத்துக் கிராமப்பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. சுற்று வட்டாரத்துப் பாலெல்லாம் அங்கே வந்து சேரும். லாரி வரும்வரை அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை குறைவு, காற்று நல்ல காற்று, அவளும் வீட்டிலிருந்தே தைக்கலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றுதான் இடித்தது.

“வீடு எப்படி இருந்தாலும் சமாளிச்சுக்கலாம். பள்ளிக்கூடம் பாக்காம நான் ஒரு சாமானைக்கூடக் கட்ட மாட்டேன்” என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவன் ஒரு நாள் லீவு போட்டான். மகளை முன்னால் உட்கார வைத்து பைக்கிலேயே போனார்கள்.

முதலில் பார்த்தது வாடகைக்குப் பேசியிருந்த வீட்டின் தெருக்கோடியிலேயே இருந்த அரசுப் பள்ளி. தெரு முனையில் திரும்பும்போதே சத்தம் வந்து முகத்தில் அறைந்தது. இரண்டு அறைகள், ஒரே வாத்தியார். அவர் ஓர் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, மற்ற அறையில் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். ஒருத்தி ஜன்னலில் தொங்கினாள். இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். வாத்தியார் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்தார்.

“பொய் சொல்ல விரும்பலம்மா. மாசத்துல பாதி நாள் என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுடுவாங்க. அன்னைக்கு இங்க பாடம் கிடையாது, ஆட்டம்தான். யோசிச்சுச் சேருங்க” என்றார்.

உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் மரியாதை வந்தது. பிள்ளையைச் சேர்க்க மனசு ஒப்பவில்லை.

அடுத்தது டவுனில் இருந்த பெரிய பள்ளி. நல்ல பள்ளிதான். ஆனால் பொழுது விடியும்போதே வேனில் ஏற்றிவிட வேண்டும், பிள்ளை திரும்பி வர இருட்டிவிடும். “பால் லாரிகூட இவ்வளவு சுத்தாது” என்றான் கணவன். அதுவும் கழிந்தது.

வீட்டுச் சாவி வாங்கப் போனபோது வீட்டுக்காரம்மா கேட்டாள். “பள்ளிக்கூடத்துக்கா அலையறீங்க? மெயின் ரோட்டுல மதில் சுவர் வச்ச பள்ளி இருக்கே, அங்க போய்ப் பாருங்க. என் பையன் அங்க படிச்சவன்தான். இதோ இருக்கான் பாருங்க, இருக்கறதே தெரியாது.”

இருபது வயதிருக்கும் அந்தப் பையன் அதே அறையில், சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லும்வரை இவர்கள் இருவரும் அவனைப் பார்க்கவே இல்லை. கணவன் “என்ன தம்பி பண்றீங்க?” என்று கேட்டான். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையசைத்த பிறகு, “கடையில இருக்கேன்” என்றான். நல்ல அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மதில் சுவர் வைத்த பள்ளியில் ஆயா பக்கவாட்டு கேட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே கால் வைத்ததும், இன்று விடுமுறையோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது. வெள்ளை அடித்த நீளமான வராந்தா. ஒரு தூசி இல்லை. முதல் வகுப்பைக் கடந்தபோதுதான் உள்ளே முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எல்லாரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொண்டை கனைப்புக்கூட இல்லை. அந்த நொடியில் தன் காதுக்குள் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுவிட்டது போல அவளுக்கு இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தலைமை ஆசிரியை மெல்லிய உடம்புக்காரி. குரல் அதைவிட மெல்லியது. அவள் பேசுவதைக் கேட்க முன்னால் குனிய வேண்டியிருந்தது.

“இங்க அடி கிடையாது. திட்டும் கிடையாது. பிரம்புன்னு ஒண்ணு இந்தக் கட்டிடத்துக்குள்ள வந்ததே இல்ல” என்றாள். பிறகு, மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டின் கதையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்தாள். “நிறையப் பேசுவாளோ?”

“ரேடியோதான் மேடம்” என்று கணவன் பெருமையாகச் சிரித்தான்.

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. “பரவாயில்ல. சரியாகிடும்” என்றாள்.

திரும்பும் வழியில் கணவன் வண்டியை மெதுவாக ஓட்டினான். வீடு நெருங்கும்போது, “வெளியாள் மூணு பேர் வராந்தாவுல நடந்து போறோம். ஒரு பிள்ளையாவது திரும்பிப் பாக்க வேண்டாமா?” என்றான்.

“நல்லாப் படிக்கற பிள்ளைங்கன்னா அப்படித்தான் இருக்கும். நம்மளை மாதிரி வேடிக்கை பாத்துக்கிட்டா இருக்கும்?” என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அப்படித்தான் முடிவானது.

முதல் சில வாரங்கள் பிள்ளை வேனில் ஏற அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அழும். பிறகு அழுகை நின்றது. கையெழுத்து முத்து முத்தாக வந்தது. சாப்பாடு சிந்துவது நின்றது. அவள் வாசல் அறையில் மெஷினைப் போட்டு, தெருக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுவாள். தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். இவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று அவள் சந்தோஷப்பட்ட நாட்கள்தான் பின்னால் அவளை அதிகமாகக் குத்தின.

பள்ளியிலிருந்து அவளுக்கு ஓர் ஆர்டரும் வந்தது. பாவாடையும் கால்சட்டையுமாக, யூனிஃபார்ம் துணியில், எல்லாம் சின்ன சைஸ். “ஸ்பேருக்கு வச்சுக்கணும்” என்று ஆயா துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அவள் தைத்துக் கொடுத்தாள். அடுத்த மாதமே மறுபடி வந்தது. பழையவை சில, இடுப்பு எலாஸ்டிக் மாற்றுவதற்காக வந்திருந்தன. சலவைப் பொடியில் ஊறி ஊறி நிறம் வெளுத்து, துணியே நைந்து போயிருந்தன. அவ்வளவு நைய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட தினமும் துவைத்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைங்கதானே, விளையாடி அழுக்காக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் விளையாடி அவள் பார்த்ததே இல்லை என்பது கை எலாஸ்டிக்கைக் கோத்துக்கொண்டிருந்தபோது உறைக்கவில்லை.

கணவன் கண்ணில்தான் முதலில் பட்டது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் எதிரே உட்கார்ந்து வலது கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கவே இல்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும் வேளையில்தான் கவனித்தான்.

“என்னடா செல்லம்?”

“தண்ணி குடிக்கலாமா?”

செம்பு அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“இது என்ன கோர்ட்டா? எடுத்துக் குடி” என்று சிரிக்கப் பார்த்தான். மகள் குடித்தாள். குடித்துவிட்டுச் செம்பைச் சத்தம் வராமல், ஒரு விரலை அடியில் கொடுத்து, தரையில் வைத்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளும் கவனிக்க ஆரம்பித்தாள். மகள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து விளையாடினாள். உதடு அசையும், சத்தம் வராது. ஒரு பொம்மையை மட்டும் தொடவே மாட்டாள். அதற்கு முன்னால் கைக்குட்டை விரித்துச் சாப்பாடு பரிமாற மாட்டாள். அவளுக்கு மிகவும் பிடித்த, ஒரு கண் இல்லாத துணிப் பொம்மை அது.

“இவளுக்கு ஏன்டி சாப்பாடு போடல?”

“எவளுக்கு?” என்று கேட்டாள் மகள். பொம்மை அவள் மூக்குக்கு நேரே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மகள் நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். காலையில் கட்டிவிட்ட பாவாடைக்குப் பதில் வேறு பாவாடை. அம்மா கைகழுவக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கிட்டே போய்க் குனிந்து, “உன்னைத்தான்டி, காது கேக்கலையா?” என்றாள்.

மகள் தரையைப் பார்த்தபடி, ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்: “நான் இன்னைக்கு வரலம்மா.”

“எங்க வரல? இதோ இருக்கியேடி!”

பிள்ளை உதட்டை மடித்துக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. அவள் கட்டியிருந்த பாவாடையின் ஓரத்தை அம்மா புரட்டிப் பார்த்தாள். தன் கைத் தையல்தான். போன மாதம் தைத்த ஸ்பேர்.

திங்கட்கிழமை அவள் பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொண்டிருக்கலாம். பின்னால் அதையும் நினைத்து அழுதாள். ஆனால் கண்ணால் பார்க்காமல் ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் எப்படிப் பழி போடுவது? மகளை வேனில் ஏற்றிவிட்டு, தைத்து முடித்த துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போய் நின்றாள். ஆயா துணி வாங்கத்தானே என்று கேட்டைத் திறந்துவிட்டாள். அவள் வராந்தாவில் நடந்தாள். செருப்பின் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மகளின் வகுப்பில் மத்தியான வருகையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலோரம் நின்றாள். டீச்சர் பெயரைச் சொல்ல, அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த பெயர், அடுத்த பிள்ளை. அவள் மகளின் பெயர் வந்தது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வந்திருக்காளா?” என்று டீச்சர் கேட்டாள்.

வகுப்பு முழுவதும் ஒன்றுபோல இடமும் வலமுமாகத் தலையை ஆட்டியது. பக்கத்திலேயே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளையும் ஆட்டியது. அவள் மகளும் ஆட்டினாள்.

“இன்னைக்கு வரல” என்று சொல்லி டீச்சர் அடுத்த பெயருக்குப் போனாள்.

மகளின் பெஞ்சுக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. ஈரம் மெதுவாக ஓடி முன் பெஞ்சுப் பிள்ளையின் காலைத் தொட்டது. அந்தப் பிள்ளை காலை நகர்த்தவில்லை. இல்லாத பிள்ளையிடமிருந்து ஈரம் எப்படி வரும்? ஆயா கதவருகே வந்து, புதுப் பாவாடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பாடம் முடியட்டும் என்று காத்து நின்றாள்.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். “அம்மா வந்திருக்கேன்டா, பாரு, அம்மாடா” என்று மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். பிள்ளையின் கண் அவளைத் தாண்டிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தாள். வேகமாக வரவில்லை.

“என்ன பண்றீங்க என் பிள்ளையை?”

“ஒண்ணும் பண்ணலையே. கை வச்சோமா? ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னோமா? அனுமதி இல்லாம பேசினா அன்னைக்கு வரலைன்னு வச்சுக்குவோம். மறுநாள் வந்துடுவாங்க. ஒரு வருஷத்துல எல்லாப் பிள்ளையும் தினமும் வர ஆரம்பிச்சுடும்.” அதே மெல்லிய குரல். “நீங்க இந்த அமைதியைப் பாத்துத்தானே சேத்தீங்க?”

அவள் கத்தினாள். பாவிங்களா, பச்சப் பிள்ளையை உயிரோட இல்லைன்னு சொல்றீங்களே என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல்; சுவரெல்லாம் அதிர்ந்திருக்கும்.

தலைமை ஆசிரியை டீச்சர் பக்கம் திரும்பினாள். “பாடத்தை நடத்துங்க. இங்க யாரும் இல்ல.”

டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். முப்பது நாற்பது முகங்களும் பலகைக்குத் திரும்பின. அவள் மறுபடி கத்தினாள். ஒரு தலை திரும்பவில்லை, ஓர் இமை அசையவில்லை. ஆயா அவள் வந்த வழியைப் பார்த்துவிட்டு, திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினாள். ஒரு நொடி, தான் உண்மையிலேயே அங்கே நிற்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. குரல் தானாக இறங்கியது. வளர்ந்த மனுஷி, ஊரையே ஒரு வாங்கு வாங்கக்கூடியவள், அந்த அறையின் நடுவில் நின்று மூன்றாவது தடவை பேச வாயெடுத்தபோது காற்றுதான் வந்தது. மகள் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உடம்போடு புரிந்தது.

பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. செருப்பு அங்கேயே கிடந்தது.

கணவன் வேலையிலிருந்து பாதியில் வந்தான். பூனை மாதிரி கத்திக் காட்டினான், மீசையை முறுக்கினான், விடாமல் கதை சொன்னான். மகள் சுவரைப் பார்த்தபடியே சாப்பிடாமல் தூங்கிப்போனாள். மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

“வந்துட்டேன்” என்றாள்.

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். அவள் மகளைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் சும்மா விடவில்லை. கல்வி அலுவலகத்துக்கு நடையாக நடந்தார்கள். ஓர் அதிகாரி பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். பிரம்பு இருக்கிறதா என்று தேடினார், இல்லை. பிள்ளைகள் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. யாருக்காவது குறை உண்டா என்று வகுப்பைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “இவ்வளவு கட்டுப்பாடான பள்ளியை நான் பார்த்ததில்ல” என்று அவளிடமே வந்து சொன்னார்.

மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் போனாள். அதே மெத்தனம் ஊர் முழுக்க இருந்தது. “அடிக்கலைல்ல?” என்று கேட்டவர்கள் பாதி. “என் பொண்ணு இப்பல்லாம் எதிர்த்தே பேசறதில்ல” என்று மகிழ்ந்தவர்கள் மீதி. வீட்டுக்காரம்மா முகத்துக்கு நேரே சொன்னாள்: “பெரிய மனுஷி மேல வீண் பழி போடாதம்மா. என் பையனுக்கு என்ன கெட்டுப் போச்சு?” பையன் தன் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். இந்தத் தடவை அவள் அவனைப் பார்த்து, “நீ சொல்லு தம்பி. உன்னையும் அப்படி வச்சாங்களா?” என்று கேட்டாள். அவன் முகம் வெளுத்தது. வாய் திறந்தது. பிறகு தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினான். இல்லை என்று சொன்னானா, வேறு எதையாவது சொன்னானா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பால் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூடத்து ஆர்டர் டவுனில் வேறொரு தையற்கடைக்குப் போனதாகக் கேள்விப்பட்டாள், முன்பைவிட அதிகமாகவாம்.

மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “நான் ஒண்ணும் வைத்தியம் தெரிஞ்சவன் இல்லம்மா. இங்க சத்தம் மட்டும் நிறைய இருக்கு” என்றார். முதல் மாதம் முழுக்கப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள், பக்கத்தில் இருந்தவள் பென்சிலைப் பிடுங்கியபோது, “என்னோடது!” என்று கத்தினாளாம். கத்திவிட்டு, தானே பயந்து, தலையைப் பெஞ்சில் கவிழ்த்துக்கொண்டாளாம். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பிள்ளை அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே, “என்னோடதுதான்” என்று சண்டைக்கு நின்றிருக்கிறாள். அந்தச் சண்டை சாயங்காலம்வரை ஓடியதாம். வாத்தியார் அதைச் சொல்லச் சொல்ல அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

படிப்பு அப்படி ஒன்றும் வரவில்லை. கையெழுத்து கோணியது. வாத்தியார் இல்லாத நாட்களில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அம்மா எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மகளுக்கு எட்டு வயது. பேசுகிறாள். முன்பு போல எல்லா ஸ்டேஷனும் பாடுவதில்லை. ஆனால் கேட்டால் பதில் வரும், கேட்காமலும் சில நாள் வரும். அடுப்படியில் வேலையாக இருக்கும்போது மகள் கூப்பிட்டால், கை எவ்வளவு வேலையாக இருந்தாலும், அம்மா போட்டது போட்டபடி திரும்பிப் பார்த்துவிடுவாள். திரும்பக் கொஞ்சம் தாமதமானால் மகளின் முகம் போகிற போக்கை ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

தெருப்பிள்ளைகளோடு எல்லா விளையாட்டுக்கும் போவாள். கண்ணாமூச்சி என்றால் மட்டும் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏன் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஒளிந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கண்டுபிடித்து முடிக்கும்வரை, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பாள்.